முட்டைக்குள் ஒரு கன்றுக்குட்டி

அவித்த முட்டையை அவர் தையல் நூலால் அறுப்பார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையிலிருக்கும் முட்டையைச் சுற்றி நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வலது கையால் மறுமுனையை இழுப்பார். முட்டை சத்தமில்லாமல் இரண்டாகும். மஞ்சள் ஒரு துகள் சிதறாது.

"கத்தி வச்சா பாதி கத்தியில ஒட்டிக்கிடும் தம்பி. நூலுக்கு அந்த ஆசையெல்லாம் கெடையாது" என்பார்.

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விளாத்திகுளம், நாகலாபுரம், குளத்தூர்ப் பக்கம் முப்பது வருடம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் ஊசி போட்டவர். கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது, 'யாரோ இன்ஸ்பெக்டர் வந்திருக்காராம்' என்று பேச்சு கிளம்பி, தெருமுனையில் சீட்டாடுகிறவர்கள் இரண்டு நாள் ஆடவில்லை. மூன்றாம் நாள் அவர் யாருடைய வெள்ளாட்டின் வாயையோ பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான் சீட்டுக்கட்டு வெளியே வந்தது. அதிலிருந்து தெருவுக்கு அவர் 'மாட்டு இன்ஸ்பெக்டர்'. எனக்கு அண்ணாச்சி.

பக்கத்து வீடு என்பதால் எனக்குக் கூடுதல் பொறுப்பு வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் படிக்கிறவர்கள், ஒத்துப்போகும் என்று அவருக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர் நினைத்துவிட்டார். நான் தீப்பெட்டி லேபிளுக்கும் தினசரிக் காலண்டருக்கும் வாசகம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். மிச்ச நேரத்தில் சிறு பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். அதைப் படித்துச் சிரித்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து மூன்று பேர். அதில் ஒருவர், தான் வேறு எதற்கோ சிரித்ததாகப் பிறகு விளக்கம் கொடுத்தார்.

அவர் வீட்டில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு டிக்‌ஷனரி. டிக்‌ஷனரி என்றால் பைக்குள் வைக்கிற சாதி இல்லை. இரண்டு செங்கல் கனம். ஆங்கில வார்த்தை ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று சொல்லும் புத்தகம். அவரிடம் நீங்கள் என்ன சொன்னாலும், அதில் இருக்கிற ஆங்கில வார்த்தையைப் பிடித்துக்கொள்வார். அதன் தாய் தகப்பன் யார் என்று சொல்வார். சொல்லி முடித்ததும் கிளம்பிவிடுவார். நீங்கள் சொல்லவந்த விஷயம் நடுத்தெருவில் நிற்கும்.

ஒருநாள் முதுகில் மஸில் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நின்றேன்.

"மஸில்னா லத்தீன்ல சுண்டெலி தம்பி. தோலுக்கு அடியில எலி ஓடுத மாதிரி இருக்குன்னு வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வலி போகவில்லை. முதுகில் எலியும் சேர்ந்துகொண்டது.

உள்ளாட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு ஒருவர் கும்பிட்ட கையோடு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. நம்மவர் அவரை நிறுத்தி, "கேண்டிடேட்டுன்னா என்ன அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார். வந்தவர் தண்ணீர்க் குழாய் விஷயமாகக் கேள்வி வரப்போகிறது என்று முகம் வெளுத்துப்போனார்.

"வெள்ளை உடுப்புப் போட்டவன்னு அர்த்தம். அந்தக் காலத்துல ரோமாபுரியில ஓட்டுக் கேக்கவன் வெள்ளைதான் உடுத்தணும். அவ்வளவுதான். அந்த வார்த்தைக்குள்ள வேற ஒன்னும் கெடையாது" என்றார். வேட்பாளர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

கொரோனா ஊசி போட்ட நாட்களில் நடந்ததுதான் மோசம். பள்ளிக்கூடத்தில் வரிசை. நாகலாபுரம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் நின்றார்கள். எல்லோரும் ஆடு மாடு வைத்திருப்பவர்கள், எல்லோருக்கும் இவரைத் தெரியும். அதில் ஒருவர், "இது என்ன ஊசிண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார்.

"வேக்சின். லத்தீன்ல வாக்கான்னா பசு. அதுலேருந்து வந்தது" என்றார் இவர்.

முப்பது வருடம் பசுவுக்கு ஊசி போட்ட மனிதர் சொல்கிறார். வரிசை பின்னாலிருந்து கரைய ஆரம்பித்தது. பாதிப் பேர் காணாமல் போன பிறகுதான் நர்ஸம்மாவுக்கு விஷயம் தெரிந்து, வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். மொதல்ல ஒங்களுக்குப் போட்டுவிடுதேன். வாயத் திறக்காம வீட்டுக்குப் போயிருங்க."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஓடிப்போனவர்களை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தேடிப்போய்க் கூட்டிவந்தார். என்ன சொல்லிக் கூட்டிவந்தார் என்று கேட்டேன். "நம்ம ஆட்டுக்குப் போட்ட கை, நல்ல கைதானன்னு அவங்களாவே வந்துட்டாங்க" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

இப்படி ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த மனிதர் தன்னைப் பற்றிப் பேசியதில்லை. மனைவி இறந்து வெகுநாள் ஆயிற்று என்பது சுவரில் தொங்கிய போட்டோவைப் பார்த்துத் தெரிந்தது. மதுரையில் ஒரு மகள் இருக்கிறாள் என்பது தெரியவந்ததே ஒரு காராச்சேவுப் பொட்டலத்தால்.

மாதம் ஒருதடவை காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, "மதுரைக்குப் போயிட்டு வாரேன் தம்பி" என்று கிளம்புவார். மதுரைக்குப் போய்வர ஒரு நாள் வேண்டும். இவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பிவிடுவார். கையில் சாத்தூர்க் காராச்சேவு இருக்கும். அதை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நாலைந்து பொட்டலம் தின்று முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: மனிதர் சாத்தூரிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று திரும்பி வருகிறார்.

"மகளா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ம்" என்றார். அவள் தன் இஷ்டத்துக்கு ஒரு பையனைக் கட்டிக்கொண்டதையும், தான் கல்யாணத்துக்குப் போகாததையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். "அதுகூட ஆறியிருக்கும் தம்பி. அன்னைக்கு வாசல்ல வச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. டிக்‌ஷனரி வாங்கியது அந்த வருடம்தான் என்று மட்டும் சொன்னார்.

தினமும் காலை ஐந்தரை மணிக்கு மகளுக்கு ஒரு வார்த்தை அனுப்புவார். வாட்ஸ்அப்பில் தமிழில் அடித்து, வார்த்தை, அர்த்தம், அது பிறந்த கதை. நலமா என்று இருக்காது. வா என்று இருக்காது. மன்னித்துக்கொள் என்பது அவருடைய விரலுக்கு வராது. சோறு போடத் தெரியாதவன் தினமும் இலையை மட்டும் விரித்துவைப்பது போல, ஒரு வார்த்தை.

"ஒன்னும் பதில் வர மாட்டேங்குது. போயிச் சேருதான்னு பாருங்களேன்" என்று போனை ஒருநாள் என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். நானூறுக்கு மேல் வார்த்தைகள். மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு டிக். இரண்டு டிக் விழுந்தால்தான் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அது நீலமானால் படித்தாயிற்று. இங்கே ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. ஒரு மனிதர் ஒரு வருடத்துக்கும் மேலாகக் கிணற்றுக்குள் கல் போட்டுக்கொண்டிருக்கிறார். தண்ணீர் சத்தமே கேட்கவில்லை.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாதவன் வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பிப்பான். எனக்கு அதுகூட வரவில்லை.

"நம்பர் மாத்தியிருக்கும் அண்ணாச்சி. நான் விசாரிச்சுப் பாக்குதேன்" என்றேன்.

விசாரிக்கவில்லை. பழைய போனில் ஒரு புது சிம்மைப் போட்டேன். ஒரு வாரம் கழித்து, "நம்பர் கெடச்சிட்டு அண்ணாச்சி" என்று அவர் போனில் மகள் பெயரிலேயே அதைப் பதிந்து கொடுத்தேன். அன்று சாயங்காலம் மகளாக உட்கார்ந்து முதல் செய்தியை அனுப்பினேன்: 'நம்பர் மாத்திட்டேன் அப்பா. இப்போ பேச முடியாது. வார்த்தை எல்லாம் அனுப்புங்க. படிக்கிறேன்.'

அடுத்த வீட்டில் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

என் மனைவிக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. காலை ஐந்தரைக்கு நான் கண்விழிப்பதே அவளுக்குச் சந்தேகத்துக்குப் போதுமானது.

"ஏங்க, ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா? ஒரு மனுசருக்கு மகளா வேசங்கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"பாவம்டி, அவர் சந்தோசமா இருக்காரு."

"அவரு சந்தோசமா இருக்காரா, நீங்க சந்தோசமா இருக்கீங்களா? பேசாம அந்தப் பிள்ளையத் தேடிப் பிடிங்க. மதுரைதான? சீமையிலயா இருக்கா?"

தேடுகிறேன் என்றேன். ஆடி முடிந்தால் காலண்டர் வேலை தொடங்கிவிடும், முடிந்ததும் தேடுகிறேன் என்றேன். இதற்கிடையில் மகளாக இருப்பதில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சில நாள் கட்டைவிரல் படம் மட்டும். சில நாள் 'சூப்பர் அப்பா'. இரண்டு நாள் பதில் போடாமலிருந்து மூன்றாம் நாள் 'வேலை அதிகம் அப்பா' என்பேன். என் கட்டுரைகளில் வரும் எந்தப் பாத்திரத்தையும் நான் இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

இப்படி ஆறு மாதம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் முட்டையில் மஞ்சளைத் தொடக்கூடாது என்று சொன்னார். இதை அண்ணாச்சியிடம் புலம்பினேன். அவர் அனுதாபப்படவில்லை. டிக்‌ஷனரியிடம் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மகளுக்கு வந்த செய்தி: 'யோக். முட்டையின் மஞ்சள். பழைய இங்கிலீஷில் மஞ்சள் நிறத்துக்கு என்ன வார்த்தையோ அதிலிருந்துதான் இதுவும் வந்தது. மஞ்சளாக இருப்பதைப் பார்த்து மஞ்சள் என்று வைத்திருக்கிறான். சோம்பேறி.'

சனிக்கிழமை வந்தது: 'விட்டெலின். முட்டை மஞ்சள் நிறத்தில் உள்ளது, அல்லது அந்த மஞ்சளைச் சேர்ந்தது. லத்தீன் விட்டெல்லஸ். மஞ்சள் கருவுக்கும் லத்தீனில் அதுதான் பெயர். ஆனால் அந்த வார்த்தைக்கு முதல் அர்த்தம் சின்னக் கன்றுக்குட்டி. வீல் என்று கன்றுக் கறிக்குச் சொல்லுகிறானே, அதற்கும் இதுதான் வேர். கோழி முட்டைக்குள் கன்றுக்குட்டி எப்படி வந்தது என்று டிக்‌ஷனரியில் உறுதியாகப் போடவில்லை.'

எனக்கு நிஜமாகவே பிடித்துப்போயிற்று. அந்த உற்சாகத்தில் மகள் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள்: 'முட்டைக்குள்ள கன்னுக்குட்டியா! சூப்பர் அப்பா!' கூட ஒரு சிரிக்கிற முகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தூக்குச்சட்டியில் நாலு அவித்த முட்டையும் சட்டைப் பையில் நூலுமாக வந்தார். வெள்ளை எனக்கு, மஞ்சள் அவருக்கு என்று ஏற்பாடு. என் மனைவி உள்ளே இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் முட்டையை அறுத்து, மஞ்சளைத் தனியே எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"இதைப் போயி நாம கருன்னு சொல்லுதோம். இது கரு இல்ல தம்பி. கருன்னா இதுக்கு மேல வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்க ஒரு புள்ளி. இது அதுக்குக் கட்டுச்சோறு. வளருத வரைக்கும் தின்னும். ஓட்டை உடைச்சு வெளிய வாரதுக்கு முந்தி, மிச்சம் இருக்க மஞ்சளை வயித்துக்குள்ள இழுத்துக்கிடும். அதை வச்சுத்தான் ரெண்டு மூணு நாள் ஒன்னும் தின்னாமக் கெடக்கும் குஞ்சு. தாய்க்கோழி கிட்ட இல்லாட்டாலும் சாகாது."

"அப்போ இவன் கருங்கான், அவன் மஞ்சள்ங்கான், இன்னொருத்தன் கன்னுக்குட்டிங்கான். ஒருத்தனுக்கும் சரியா வரலையே" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கன்றுக்குட்டி விஷயம் மகளுக்கு வந்தது. எனக்கு வரவில்லை.

அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது முட்டையை எடுத்தார்.

"கன்னுக்குட்டின்னதும் எனக்கு எங்க அய்யா நெனப்பு வந்துட்டு. எங்க வீட்டுல பத்துப் பன்னெண்டு உருப்படி நிக்கும். ஒரு பசுவு கன்னு போட்டு, கன்னு செத்துப்போச்சுன்னு வைங்க. பசுவு பால் எறக்காது. மடி கல்லு மாதிரி ஆயிரும். எங்க அய்யா என்ன செய்வாவ? செத்த கன்னோட தோலை உரிச்சு, உப்புப் போட்டுக் காய வச்சு, உள்ள வைக்கோலைத் திணிச்சுத் தைச்சு, நாலு குச்சியக் காலா வச்சு, பசுவுக்கு முன்னால நிறுத்திருவாவ. பசுவு அதை நக்கும். நக்க நக்க மடி எறங்கும். அய்யா கறந்துக்கிடுவாவ."

"கேள்விப்பட்டிருக்கேன் அண்ணாச்சி. பாவம், வாயில்லாத சீவன், ஏமாந்து போகும் என்ன?"

அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. ஆட்டின் வாயைப் பிளந்து வயது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"ஏமாறுமா? மாட்டுக்கு மூக்குன்னு ஒன்னு இருக்குல்லா. பத்து மாசம் சுமந்த பசுவுக்குத் தன் கன்னு தெரியாதா? மொத நக்குலயே தெரிஞ்சிரும் தம்பி, இது வைக்கோலுன்னு. ஆனா மடியில கட்டிக்கிட்ட பால் வலிக்கும்லா. அதை எறக்குததுக்கு முன்னால ஒன்னு நிக்கணும். அதனால நக்குது. நாமதான் ஏமாத்திட்டோம்னு நெனச்சுக்கிடுதோம்."

இரண்டாவது முட்டையையும் அறுத்து, வெள்ளையை என் கையில் வைத்தார்.

"எம் மவ என்னைய அப்பான்னு ஒருநாளும் கூப்பிட்டதில்ல. எங்க வீட்டுல எல்லாரும் அய்யாதான்" என்றார்.

உள்ளே இட்லிச் சட்டியின் மூடியைத் திறக்கும் சத்தம் பாதியில் நின்றது.

மூன்று வருடமாக 'எங்க அய்யா, எங்க அய்யா' என்று அவர் சொன்னதை இந்தக் காதால்தான் கேட்டிருக்கிறேன். ஊர்ப்பேச்சை அப்படியே எழுதிவிடுவேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. எங்கள் வீட்டில் அப்பா. அதனால் உலகத்தில் எல்லோருக்கும் அப்பா. முதல் செய்தியின் முதல் வரியிலேயே வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"அண்ணாச்சி, நான் வந்து…" என்றேன்.

"ஒருநாளாவது நான் அந்த நம்பருக்குப் போன் அடிச்சேனா? அடிச்சா நீங்க என்ன செய்வீங்கன்னுதான் அடிக்கல" என்றார். நாலு மஞ்சளையும் தின்று முடித்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்படியில் செருப்பைப் போடும்போது, "மத்தபடி நல்லாத்தான் எழுதுதீங்க. நாளைக்கு ஒரு பூவு. நல்லாருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஐந்தரைக்கு வந்தது. 'டேண்டிலயன். சிங்கத்தின் பல் என்று அர்த்தம். பிரெஞ்சு. இலை பல் பல்லாக இருக்குமாம். இந்தப் பூ நம் கரிசக்காட்டில் கிடையாது.'

போனைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"என்ன போடப் போறீங்க?"

"தெரியல. இத்தனை நாள் தப்பாப் போட்டாச்சு. இனிமேலாவது சரியா அய்யான்னு…"

"அதைப் போட்டுராதீங்க" என்றாள். "அது அந்தப் பிள்ளையோடது."

'சூப்பர் அப்பா' என்று அடித்து அனுப்பினேன். அனுப்பிய மறுநொடி இரண்டு டிக்கும் நீலமாயின. அவரும் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. காலையில் வார்த்தை வரும். நான் மகளாகப் பதில் போடுவேன். பத்து மணிக்குத் தெருவில் பார்த்தால் "என்ன தம்பி, சாப்ட்டாச்சா?" என்பார். மகளைத் தேடும் வேலை மட்டும் காலண்டர் வேலைக்குப் பின்னால் நின்றது. அவரே தெரிந்து ஒத்துக்கொண்ட பிறகு அவசரம் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோம்பேறிக்கு இதைவிட வசதியான காரணம் கிடைக்காது.

ஐப்பசி மழையில், கரிசல் செருப்போடு சேர்ந்து வருகிற நாட்களில், ஒரு காலை வார்த்தை வரவில்லை. ஆறு மணிக்கு நான் போய்க் கதவைத் தட்டினேன். குளியலறையில் விழுந்து கிடந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது.

நாகலாபுரத்தில் இருக்கும் அவருடைய தம்பிக்குப் போன் செய்தேன். மகள் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் படித்தார். ஐந்தாவது எண்ணிலேயே எனக்கு மீதி தெரிந்துவிட்டது. அண்ணாச்சியின் போனில் நான் பார்த்த அதே பழைய நம்பர். மாறவே இல்லை.

என் போனிலிருந்து அடித்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

இவ்வளவுதான். எட்டு மாதம் ஒரு மனிதருக்கு மகளாக இருந்தவன், அந்த நம்பருக்கு ஒரே ஒருமுறை அடித்துப் பார்த்ததில்லை. காலண்டரில் முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் நல்ல வாசகம் எழுதியவனுக்கு அதற்கு ஒரு நாள் கிடைக்கவில்லை.

நாகலாபுரத்தில் எல்லாம் முடிந்து, எட்டாம் நாள் வீட்டைக் காலி செய்ய அவள் கோவில்பட்டிக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். முகத்தில் அவருடைய மூக்கு.

"அண்ணாச்சி, அய்யாவோட போன் ஒங்ககிட்ட இருக்காமே" என்றாள் என்னிடம்.

சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். கொடுத்தேன். எங்கள் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து திறந்தாள். முதலில் பழைய நம்பருக்குப் போனவற்றைப் பார்த்தாள். மேலே தள்ளிக்கொண்டே போனாள். என் மனைவி வைத்த காபி ஆடை கட்டிவிட்டது.

"நம்பரெல்லாம் மாத்தல" என்றாள், எங்களைப் பார்க்காமல். "பிளாக் பண்ணி வச்சிருந்தேன். ஒரு வாரத்துக்குன்னுதான் பண்ணேன். பிறகு எடுக்கதுக்குக் கூச்சமாப் போச்சு. எடுத்துட்டு அய்யாகிட்ட என்ன பேசுவேன்?"

பிறகு இன்னொன்றைப் பார்த்துவிட்டாள். "இது யாரு, எம் பேருல இன்னொரு நம்பரு?"

சொன்னேன். நடந்தது எல்லாவற்றையும், எனக்குச் சாதகமாக ஒன்றையும் சேர்க்காமல், சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"அப்பாவா?" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றுவிட்டது. "அய்யா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாவளே."

"கண்டுபிடிச்சுட்டாவ."

"பிறகும் எழுதினாவளா?"

"கடைசி நாளுக்கு முந்தின நாள் வரைக்கும் எழுதினாவ."

அவள் தன் பையிலிருந்து தன்னுடைய போனை எடுத்தாள். ஏதோ தடவி, தடையை நீக்கினாள். நீக்கிவிட்டு இரண்டு போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். என்ன எதிர்பார்க்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"வரலையே அண்ணாச்சி."

"பழசு வராதும்மா. பிளாக்குல இருந்தப்ப அனுப்பினது அப்பிடியே போச்சு. இனிமே அனுப்பினாத்தான் வரும்."

பிறகு அவருடைய போனை எடுத்து, நானூறு வார்த்தைக்கும் மேலே, ஆக முதல் வார்த்தைக்குப் போனாள். அதை அழுத்திப் பிடித்து, மறுபடியும் அதே மகளுக்கு அனுப்பினாள். மேசையிலிருந்த அவள் போன் ஒருமுறை மணியடித்தது. அவருடைய போனில் ஒரு டிக் இரண்டானது. அவள் தன் போனை எடுத்துத் திறந்து படித்தாள். இரண்டும் நீலமாயிற்று. பிறகு அடுத்த வார்த்தை.

"எல்லாத்தையும் மொத்தமாத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம்மா" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. அவிய ஒன்னொன்னாத்தான அனுப்புனாவ."

இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று மணி பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்று சொல்லியிருந்தாள், போகவில்லை. மணிச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. சில வார்த்தைக்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்காது. என் மனைவி சோற்றைப் பரிமாறாமல் கையில் கரண்டியோடு நிற்பாள். மறுபடியும் ஒரு மணி அடிக்கும்.